வெல்டிங் ஓரத்தில் பெயிண்ட் உரிவதற்கு

காட்பாடி நண்பருக்கு, நீங்களே கட்டிய வண்டிச் சேஸிஸில் (அடிச்சட்டத்தில்) வெல்டிங் ஓரமாகப் பெயிண்ட் செதில் செதிலாக உரிகிறது, சஸ்பென்ஷன் போல்ட்டும் இறுக்கியபடி நிற்கவில்லை என்று கேட்டிருந்தீர்கள். இரண்டையும் சரிசெய்துவிடலாம், மனம் தளர வேண்டாம்.

வெல்டிங் கசடும் புகையும் படிந்த இடத்தில் பிரைமர், அதாவது அடிப்பூச்சு, பிடிக்காது. அங்கே மட்டும் வயர் பிரஷ்ஷால் பளபளவென இரும்பு தெரியும்வரை சுரண்டி, 80 நம்பர் உப்புத்தாளில் தேய்த்து, சுத்தமான துணியில் தின்னர் நனைத்துத் துடைத்து, அன்றைக்கே எபாக்சி பிரைமர் அடித்துவிடுங்கள், ஒரு ராத்திரி விட்டால்கூடத் துரு பூத்துவிடும். அப்புறம், மே மாத மத்தியானத்தில் அடித்தேன் என்றீர்களே, வேலூர் வெயில் 40 டிகிரியைத் தாண்டும்போது தின்னர் காற்றிலேயே ஆவியாகி, பெயிண்ட் பொடியாகத்தான் போய் விழும். விடிந்ததும் தொடங்குங்கள், தரையில் தண்ணீர் தெளித்துப் புழுதியை அடக்கிவிட்டு.

போல்ட் விஷயம் அதைவிட முக்கியம், உயிர் சம்பந்தப்பட்டது. பிராக்கெட் உட்காரும் முகத்தில் பெயிண்ட் கனமாக இருந்தால் அது நசுங்க நசுங்க இறுக்கம் குறையும். அங்கே சுரண்டி, மெல்லிய பிரைமர் மட்டும் விட்டு, டார்க் ரென்ச்சால் (இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பேனர்) இறுக்கி, கொஞ்ச தூரம் ஓட்டியபின் மறுபடி பாருங்கள். எர்த் ஒயர் இடத்தில் வெறும் இரும்புதான் இருக்க வேண்டும். ஹார்டனர் கலந்து அடிக்கும் டூ-கே பெயிண்ட் அடிப்பதானால் துணி மாஸ்க் போதவே போதாது, அதிலுள்ள ஐசோசயனேட் நுரையீரலைக் கெடுத்துவிடும்.