பொழுது சாய்வதற்குள் லொரேத்தோ

கேள்வி: நானும் மனைவியும் பணி ஓய்வு பெற்று சான் டியேகோவில் வசிக்கிறோம். இந்தியப் பாஸ்போர்ட், இருவருக்கும் கிரீன் கார்டு உண்டு. வரும் ஜனவரி முதல் மார்ச் வரை மெக்சிகோவின் லொரேத்தோவில் கடற்கரை வீடு ஒன்றை வாடகைக்கு எடுக்க எண்ணம். சொந்தக் காரில் இரண்டே நாளில் போய்விடலாம் என்கிறார்கள். வீட்டுக்காரர் மூன்று மாத வாடகையையும் இப்போதே கேட்கிறார். என்ன செய்யலாம்?

பதில்: காரிலேயே போங்கள். ஆனால் நான்கு நாள் ஒதுக்குங்கள். வாடகை முழுவதையும் இப்போது அனுப்ப வேண்டாம்.

சான் டியேகோவை ஒட்டிய எல்லை நகரமான திஹுவானாவிலிருந்து லொரேத்தோ ஏறத்தாழ 1,120 கி.மீ. பாஹா தீபகற்பத்தின் நெடுக ஓடும் முதலாம் எண் நெடுஞ்சாலை 1973-இல் திறக்கப்பட்டது. இன்றும் பெரும்பகுதி இரண்டே தடம்தான். பல இடங்களில் ஓரம் ஒதுங்க வழியில்லை. வேலி இல்லாத மேய்ச்சல் நிலம் என்பதால் இருட்டியபின் மாடுகள் சாலைக்கு வந்துவிடும். முதல் தடவை நான் போனபோது, வழியில் வரும் கத்தவீன்யா என்ற சிற்றூருக்குத் தெற்கே இருட்டிவிட்டது. வளைவில் நின்ற கறுப்புப் பசு விளக்கொளியில் தெரிந்து, பிரேக்கை மிதித்து, கார் நின்றபோது நடுவே இரண்டடிதான் இருந்தது. மனைவி அன்று இரவு முழுவதும் பேசவில்லை. ஜனவரியில் ஐந்து மணியளவில் பொழுது சாய்ந்துவிடும். நாலு மணிக்கு விடுதியில் இருக்க வேண்டும் என்று கணக்கு வையுங்கள்.

முதலில் காகிதங்கள். கிரீன் கார்டு இருப்பதால் சுற்றுலாவுக்கு மெக்சிகோ விசா தனியே தேவையில்லை. ஆனால் நுழைவு அனுமதிச் சீட்டு தேவை. எல்லையில் யாரும் நிறுத்தாமலேயே கார் உள்ளே போய்விடக்கூடும். பலர் ஏமாறும் இடம் இதுதான். நீங்களாகவே காரை நிறுத்தி, குடிவரவு அலுவலகத்துக்குள் போய்ச் சீட்டை வாங்க வேண்டும். ஏழு நாளுக்கு மேல் என்பதால் கட்டணம் உண்டு. அதிகபட்சம் 180 நாள்; எத்தனை நாள் என்று எழுதுவது அதிகாரியின் கையில் இருக்கிறது. வாடகை ஒப்பந்தத்தைக் காட்டிக் கேளுங்கள். எழுதிய எண்ணைப் படித்துப் பார்க்காமல் அங்கிருந்து நகராதீர்கள். தீபகற்பத்துக்குள் காருக்குத் தனி இறக்குமதி அனுமதி வேண்டாம். தீபகற்பத்தின் தென்பகுதியிலுள்ள லா பாஸ் நகரிலிருந்து படகில் காரை ஏற்றி மறுகரைக்குப் போவதானால் மட்டும் வேண்டும்.

அமெரிக்கக் கார் காப்பீட்டை மெக்சிகோவில் ஏற்க மாட்டார்கள். விபத்தில் பொறுப்பு யாருடையது என்று தெரியும்வரை ஓட்டுநரைத் தடுத்துவைக்க அங்கே சட்டம் இடம் தருகிறது. ஆகவே சட்ட உதவியும் சேர்ந்த மெக்சிகோ பாலிசியைப் புறப்படும் முன்பே வாங்கிவிடுங்கள். மூன்று மாதத்துக்கு நாள் கணக்கில் எடுப்பதைவிட ஆறு மாதப் பாலிசி பல நேரம் மலிவாக இருக்கும். மருந்துப் பையையும் ஒரு முறை பாருங்கள்: சூடோஎபெட்ரின் கலந்த சளி மாத்திரைக்கு மெக்சிகோவில் தடை.

முதல் நாள் கடலை ஒட்டிய சுங்கச்சாலையில் என்செனாடா வழியாகச் சான் கின்தீன் போதும். மறுநாள்தான் பெரிய நாள். எல் ரொசாரியோவில் டேங்க்கை நிரப்புங்கள், பாதிக்கு மேல் இருந்தாலும் நிரப்புங்கள். அதன்பின் 300 கி.மீ.க்கு மேல் பெட்ரோல் பங்கை நம்ப முடியாது. பம்ப்பில் எண் சுழியத்தில் இருக்கிறதா என்று பார்த்த பிறகே போடச் சொல்லுங்கள். அப்புறம் கத்தவீன்யா: வீடளவு பாறைகள் குவியல் குவியலாக, நடுவே தூண்போல் நிற்கும் கார்தோன் கள்ளிகள், தலைகீழாக நட்ட முள்ளங்கிபோல் சீரியோ மரங்கள். அங்கே ஒரு மணி நேரமாவது இறங்கி நடக்காமல் போனால், இந்தப் பயணத்தைக் காரில் செய்ததற்கே பொருளில்லை.

அன்று இரவு கெர்ரேரோ நேக்ரோ. உப்பளங்களின் ஊர். மாநில எல்லை 28-ஆம் அட்சரேகை. அதைத் தாண்டியதும் குளிர்காலத்தில் கடிகாரம் ஒரு மணி முன்னே போய்விடும். முடிந்தால் இங்கே ஒரு நாள் கூடுதலாகத் தங்குங்கள். பெண் பிரசவத்துக்குத் தாய்வீடு வருவதுபோல, சாம்பல் திமிங்கிலங்கள் ஆர்க்டிக் பக்கத்துக் கடல்களிலிருந்து இந்த ஓஹோ தெ லியேப்ரே காயலுக்கு வந்து கன்று ஈனும். ஜனவரி முதல் மார்ச் வரை அதற்கு நல்ல பருவம். உரிமம் பெற்ற படகில் மட்டும் ஏறுங்கள்.

மூன்றாம் நாள் சான் இக்னாசியோவின் பேரீச்சந்தோப்பு, பிரெஞ்சுக் கம்பெனி செம்பு வெட்டிய சாந்தா ரொசாலியா, இரவு முலெஹே. கடைசி நாள் 135 கி.மீ.தான், பாஹியா கொன்செப்சியோன் விரிகுடாவைப் பார்த்துக்கொண்டே மெல்லப் போங்கள்.

வழியில் ராணுவச் சோதனைச் சாவடிகள் வரும். "தே தோந்தே வியேனே? ஆ தோந்தே வா?" என்பார்கள்: எங்கிருந்து வருகிறீர்கள், எங்கே போகிறீர்கள். ஊர்ப்பெயரைச் சொன்னால் போதும். முன்னால் போகும் லாரி இடது விளக்கைப் போட்டால் "முந்திப் போ" என்று பொருளாக இருக்கலாம், இடப்பக்கம் திரும்பப்போகிறான் என்றும் இருக்கலாம். உங்கள் கண்ணால் எதிர்த்தடத்தைப் பார்க்காமல் முந்தாதீர்கள். கார் பழுதானால் 078-ஐ அழையுங்கள். சுற்றுலாத் துறையின் பச்சை வாகனம் வந்து உதவும்.

இனி வீடு. லொரேத்தோவில் குளிர்காலத்தில் வடகாற்று நாள்கணக்கில் வீசும், கடல்நீரும் குளிர்ந்திருக்கும். படத்தில் அழகாகத் தெரியும் திறந்த முற்றத்தில் அந்தக் காற்றில் உட்கார முடியாது. எனவே முற்றம் எந்தத் திசை நோக்கியிருக்கிறது, அறைகளில் ஹீட்டர் உண்டா, நிலத்தடித் தொட்டி எவ்வளவு கொள்ளும், தண்ணீர் தீர்ந்தால் லாரித் தண்ணீருக்குப் பணம் யார் தருவது, மின்கட்டணம் யாருடையது என்று கேளுங்கள். "தனிக் கடற்கரை" என்று சொல்லி வாடகையைக் கூட்டினால் ஒப்பாதீர்கள். மெக்சிகோவில் கடற்கரை பொதுச்சொத்து.

பதில்களையெல்லாம் ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள். வீடியோ அழைப்பில் வீட்டைச் சுற்றிக் காட்டச் சொல்லுங்கள். இப்போதைக்கு ஒரு சிறு முன்பணம், சாவி வாங்கும் அன்று முதல் மாத வாடகை, பிறகு மாதாமாதம். இதற்கு ஒப்பாத வீட்டுக்காரர் என்றால் வேறு வீடு பாருங்கள்.