வாத்துக் குஞ்சைக் கையில எடுத்தா தாய் வாத்து அதைச் சேத்துக்காதா?

சேத்துக்கும், பயப்படாதீங்க. மனுஷ வாடை பட்டா தாய் ஒதுக்கிடும்னு சொல்றது சின்னப் புள்ளைங்க கூட்டுப் பக்கம் போகக்கூடாதுன்னு பெரியவங்க கட்டிவிட்ட கதையா இருக்கும்னு தோணுது.

எங்க வீட்ல இருக்கிறது மஸ்கவி, மூஞ்சில செவப்பா சதை இருக்குமே அந்த வாத்து. மத்த வளப்பு வாத்துங்க ஒழுங்கா அடை உக்காராதுன்னு முட்டைய கோழிக்கு வைப்பாங்க, இது 35 நாள் தானே உக்காந்து பொரிக்கும், அப்படிப் பொரிச்சத லேசுல விட்டுக்குடுக்குமா? குஞ்சைத் தூக்குனதும் அது கீச்சு கீச்சுன்னு கத்துதுல்ல, தாய்க்கு அதான் அலாரம். தலை முடி சிலுத்துக்கும், கழுத்தை நீட்டி வாலை ஆட்டிக்கிட்டே புஸ்ஸு புஸ்ஸுன்னு சீறும். மஸ்கவி சத்தமா கத்தாது, அதனால சும்மா இருக்குன்னு கிட்ட போயிடாதீங்க, அடுத்து றெக்கையால ஒன்னு விடும், கால் நகமும் நல்லா கீறும். குஞ்சு கத்தாம உள்ளங்கைல சுருண்டுக்கிச்சுன்னா, தூக்குனது தினம் தீனி போடுற ஆளும்னா, பாதி நேரம் திரும்பிக்கூடப் பாக்காது.

காட்டு வாத்து கதை வேற. ஆளைப் பாத்ததும் றெக்கை ஒடஞ்ச மாதிரி தண்ணில அடிச்சிக்கிட்டே நம்மள தள்ளி இழுத்துட்டுப் போகப் பாக்கும், அந்த கேப்ல குஞ்சுங்க கோரைக்குள்ள பூந்துக்கும். நீங்க ஒன்ன கையில வச்சுக்கிட்டு போட்டோ எடுத்துட்டு இருந்தீங்கன்னா அது மீதியக் கூட்டிக்கிட்டு கிளம்பிரும், ஜனங்க ஒதுக்கிருச்சுன்னு சொல்றது பாதி இதைத்தான்.

உண்மையான சிக்கல் குஞ்சு பக்கம். பொரிஞ்ச மொத நாள் எது கண்ணு முன்னாடி நடமாடுதோ அதையே தாயா எடுத்துக்கும், விலங்குங்க நடத்தைய ஆராய்ஞ்ச கொன்ராட் லோரன்ஸ் பின்னாடி கூஸ்ங்கிற பெரிய வாத்தோட குஞ்சுங்க வரிசையா போன போட்டோ பாத்திருப்பீங்க, 1973ல நோபல் வாங்குனாரே அவருதான். அதனால மொத ரெண்டு நாள் கொஞ்சுறத கொறச்சுக்கங்க, எடுத்தாலும் சீக்கிரம் விட்டுடுங்க. ராத்திரி முழுக்க உள்ள வச்சிருந்தா மறுநாள் தாய் பாக்குற மாதிரி கீழ விட்டு குஞ்சைக் கத்த விடுங்க, சத்தம் கேட்டு அதுவே வரும்.

வேற வாத்தோட குஞ்சுக் கூட்டத்துல மட்டும் மாத்தி விட்டுடாதீங்க, கொஞ்சம் வளந்த குஞ்சுன்னா கொத்தியே கொன்னுடக்கூட வாய்ப்பிருக்கு.