பழைய துப்பாக்கிகள் ஏன் இங்கே வருவதில்லை? கேள்வி பதில்

கேள்வி: சார், லீ என்ஃபீல்டு .303 ரைபிளை இந்தியாவில் தனியாருக்கு யாருமே செய்து தருவதில்லையே, ஏன்?

பதில்: தடை தோட்டாவுக்கு. (.303 என்பது குழல் வாயின் அளவு, அங்குலக் கணக்கில்.) பட்டாளமும் போலீசும் வைத்திருக்கும் தோட்டா எந்தத் துப்பாக்கியில் போகுமோ, அது தனியாருக்குக் கிடையாது. கிடங்கிலிருந்து தோட்டா கசிந்தாலும் வெளியே அதைச் சுட ஆயுதம் இருக்கக் கூடாது என்பதுதான் கணக்கு. வெள்ளைக்காரன் காலத்துப் பயம் இது. 1907 வாக்கில் இந்தியாவிலும் சூடானிலும் .450 வேட்டைத் தோட்டாக்களுக்குத் தடை போட்டார்கள். கலகக்காரர்களின் கையிலிருந்த, அதே .450 அளவுள்ள மார்ட்டினி ஹென்றி ரைபிள்களுக்கு அந்தக் குண்டு உதவிவிடும் என்ற பயம். உடனே ஆங்கிலேயக் கம்பெனிகள் .465, .470 என்று புது அளவுகளை இறக்கின. யானை வேட்டைக்குப் பெயர்போன .470 பிறந்த கதை இதுதான். நம் .315 ரைபிளும் அதே வழியில் வந்தது: உடம்பு லீ என்ஃபீல்டு, தோட்டா ஆஸ்திரிய மான்லிகர் வகை. மேற்கு வங்கத்தின் ஈஷாப்பூர் அரசு ஆலையின் தயாரிப்பு. ஆக, நீங்கள் கேட்கும் ரைபிள் வேறு வாய் அளவோடு உயிரோடுதான் இருக்கிறது.

கேள்வி: வெப்லி ரிவால்வர்?

பதில்: அதன் அளவுகளான .455, .380 இரண்டும் தடைப் பட்டியலில். அந்தக் கம்பெனியும் 1979இல் துப்பாக்கித் தயாரிப்பை நிறுத்திவிட்டது. அரசு ஆலையின் .32 ரிவால்வரைக் கையில் எடுத்துப் பாருங்கள், வெப்லியின் சாயல் அப்படியே தெரியும்.

கேள்வி: இறக்குமதியாவது செய்யலாமே?

பதில்: 1980களின் நடுவிலேயே அந்தக் கதவு சாத்தியாயிற்று. துப்பாக்கி சுடும் வீரர்கள், ரைபிள் கிளப்புகள் போன்ற சிலருக்கு மட்டும் விலக்கு. அதற்கு முன்னால் உள்ளே வந்தவைதான் இன்றுவரை லைசென்ஸ் விட்டு லைசென்ஸ் கைமாறுகின்றன. விலை எகிறுவதும் அதனால்தான். 2016 ஆயுத விதிகள் தனியார் தயாரிப்புக்கு வழிவிட்டன. ஆனால் 2019 ஆயுதச் சட்டத் திருத்தம் ஓர் ஆளுக்கு இரண்டு துப்பாக்கி என்று குறைத்துவிட்டது. இவ்வளவு சின்னச் சந்தைக்காகப் பழைய கைவேலையை யார் செய்வார்கள்?

கேள்வி: தாத்தாவின் இங்கிலீஷ் இரட்டைக் குழல் 12 போர், இப்போது என் லைசென்ஸில் இருக்கிறது. கடைத் தோட்டா போடலாமா?

பதில்: தம்பி, பொறுங்கள். குழலின் அடிப்பக்க முத்திரைகளைப் பாருங்கள். அந்தக் காலத்துத் துப்பாக்கிகள் பலவற்றில் தோட்டா அறை இரண்டரை அங்குலம், அதாவது 65 மி.மீ. இப்போதைய தோட்டா 70. சுடாத தோட்டா வாய் மடிப்போடு குட்டையாக இருப்பதால் உள்ளே ஒழுங்காக உட்கார்ந்துவிடும், ஆபத்தே அதில்தான். சுடும்போது மடிப்பு விரிய இடமில்லாமல் அழுத்தம் ஏறும். குழல் டமாஸ்கஸ் வேலையாக, அதாவது இரும்புப் பட்டைகளை முறுக்கிச் செய்ததாக இருந்து, புகையில்லா வெடிமருந்துக்குச் சோதித்த முத்திரையும் இல்லையென்றால் சுடவே வேண்டாம். லைசென்ஸ் உள்ள துப்பாக்கி மெக்கானிக்கிடம் அளக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: உங்கள் முதல் பதிலை ஏற்க மாட்டேன். பட்டாளம் .303-ஐ விட்டுப் பல காலம் ஆயிற்று. இன்னும் என்ன கசியும்?

பதில்: பட்டாளம் விட்டது, போலீஸ் விடவில்லை. உத்தரப் பிரதேசப் போலீஸ் .303-க்கு விடை கொடுத்ததே 2020 குடியரசு தினத்தில்தான்.

கேள்வி: அப்படியானால் இப்போது தடையை எடுக்கலாமே?

பதில்: அந்த ஒரு அளவுக்கு மட்டும் மறுபரிசீலனை நியாயம்தான், ஒப்புக்கொள்கிறேன். 7.62 மி.மீ.க்கும் 9 மி.மீ.க்கும் அந்த வாதம் செல்லாது. அவை இன்றும் பணியில் இருக்கின்றன.

கேள்வி: அண்ணே, .303 எங்கே கிடைக்கும்?

பதில்: மேலே சொன்ன பதில்களைப் படியுங்கள்.

கேள்வி: ஜெர்மன் லூகர் பிஸ்டல்?

பதில்: பட்டாளமும் போலீசும் வைத்திருக்கும் 9 மி.மீ. அதே பதில்தான். தயவுசெய்து முதலில் அளவைப் பாருங்கள், பெயரை அப்புறம் பார்க்கலாம்.

கேள்வி: சுடவே மாட்டேன், ஷோகேஸில் வைக்கத்தான். லைசென்ஸ் வேண்டாமல்லவா?

பதில்: பழுது பார்த்தாலும் சுட முடியாத பழம்பொருளுக்கு மட்டுமே ஆயுதச் சட்டத்தின் 45ஆவது பிரிவில் விலக்கு. அது சுடுமா சுடாதா என்று நீங்களே தீர்ப்பு எழுதாதீர்கள். கலெக்டர் ஆபீசில் எழுத்தில் கேளுங்கள். பழைய தோட்டா ஒன்றிரண்டு பெட்டியில் கிடந்தால் அதையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: தமிழ்நாட்டில் ஏதாவது செய்தார்களா?

பதில்: திருச்சி ஆலையில் 12 போர் பம்ப் ஆக்‌ஷன் துப்பாக்கி செய்தார்கள். பழைய இங்கிலீஷ் ரகம் கிடையாது, ஆனால் 70 மி.மீ. தோட்டாவுக்கென்றே செய்தது.