ரெசின் எங்கே நின்றது, எப்போது இறுகியது?

கேள்வி: உவரிப் பக்கம் ஃபைபர் படகுப் பட்டறை வைத்திருக்கிறேன், அண்ணாச்சி. இப்போது கண்ணாடியிழை மேட்டை மோல்டில் அடுக்கி, ஷீட் போட்டு மூடி, வேக்குவம் பம்ப் வைத்து ரெசின் என்ற பிசினை ஏற்றுகிறோம். மேலே பார்த்தால் நன்றாக நனைந்திருக்கிறது. மோல்டிலிருந்து கழற்றித் தட்டினால் சில இடத்தில் பொத்தென்று சத்தம். சில நாள் மறுநாள் காலையிலும் பிசுபிசுப்பு. என்ன சென்சார் வாங்கலாம்?

பதில்: ரெசின் எல்லா இடத்துக்கும் போனதா, போனது இறுகியதா என்று இரண்டு கேள்வி இதில் இருக்கிறது. இரண்டுக்கும் ஒரே சென்சார் தேடாதீர்கள்.

முதலாவதுக்குச் சென்சாரே வேண்டாம் என்பேன். ரெசின் ஓடும் வலை மேலே இருக்கிறது. அதனால் மேல்பக்கம் முந்தும், மோல்டு பக்கம் பின்தங்கும். ஷீட் வழியே நீங்கள் பார்ப்பது முந்திய பக்கத்தை மட்டும். ஒரு கனமான கண்ணாடிப் பலகையை மோல்டாக வைத்து, அதே மேட், அதே வலை அடுக்கி ஏற்றுங்கள். கீழே குனிந்து செல்போனில் படம் எடுத்தால் அடிப்பக்கம் எத்தனை சென்டிமீட்டர் பின்னால் வருகிறது என்று தெரிந்துவிடும். மேட்டின் முடிவு விளிம்புக்கு அந்த அளவு முன்பே வலையை முடித்துவிடுங்கள். இன்னொன்று: 1 மீட்டர் ஓட 10 நிமிடம் என்றால் 2 மீட்டருக்கு 20 அல்ல, சுமார் 40. நீளமான படகுக்கு ஒரே முனையில் ஊற்றினால் வழியிலேயே செட் ஆகிவிடும்.

இரண்டாவதுக்குத் தெர்மோகப்பிள், அதாவது சூடு அளக்கும் கம்பி, வாங்குங்கள்; கே டைப் என்ற வகை, மூன்று போதும். கனமான ஏரா (படகின் அடிமுதுகு) பக்கம் மேட்டுக்கு நடுவே ஒன்று, மெல்லிய பக்கவாட்டில் ஒன்று, கொட்டகைக் காற்றில் ஒன்று. வாளியில் மீந்த ரெசின் சூடாகிக் கெட்டியானதைப் பார்த்து படகும் ஆயிற்று என்று நினைப்பதுதான் எல்லாப் பட்டறையிலும் நடக்கிறது. வாளியில் மொத்தமாக இருப்பதால் சூடு சேர்கிறது. மெல்லிய பக்கத்தில் அந்தச் சூட்டை மோல்டு குடித்துவிடும். 10 டிகிரி குறைந்தாலே செட் ஆகும் நேரம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். மார்கழிப் பிசுபிசுப்புக்கு இது ஒரு காரணம்; ரெசினை இறுக வைக்கும் கேட்டலிஸ்ட்டை மூடிக்கணக்கில் ஊற்றுவது இன்னொன்று. தராசில் நிறுத்து ஊற்றுங்கள். இறுகுவதை வேகப்படுத்தும் கோபால்ட்டையும் கேட்டலிஸ்ட்டையும் மட்டும் நேருக்கு நேர் சேர்த்துவிடாதீர்கள், வெடிக்கும்.

தெர்மோகப்பிள் கம்பியை உள்ளே விடும்போது ஒரு சங்கதி. கம்பியின் உறைக்குள்ளேயே காற்று ஊர்ந்து வரும். ஷீட்டின் ஓரத்தை மூடும் ஒட்டு டேப்பைத் தாண்டும் இடத்தில் உறையை உரித்து, இரண்டு கம்பியையும் தனித்தனியாக டேப்பில் புதையுங்கள். அப்புறம் ரெசினைத் திறக்குமுன் பம்ப் வால்வை மூடிக் கால் மணி நேரம் கேஜைப் பாருங்கள். முள் இறங்கினால் ஒழுகல்.

ரெசினுக்குள் அயனிகள் எவ்வளவு லேசாக நகர்கின்றன என்று பார்த்து இறுக்கத்தைச் சொல்லும் டைஎலக்ட்ரிக் சென்சாரும் உண்டு. படகுக்கு அது அதிகப்படி. பணகுடிப் பக்கம் காற்றாலை இறக்கைக்கு எபாக்சி என்ற ரெசினில் வேலை கிடைத்தால் யோசிக்கலாம். அதிலும் கார்பன் துணி வந்தால் சென்சார் மேல் ஒரு துண்டு கண்ணாடியிழை போடுங்கள். கார்பன் பட்டால் ஷார்ட் ஆகிவிடும்.