பாய்தல் என்னும் வினை: கேள்வி பதில்

கேள்வி: பாய்தல் என்பதற்கு வேகமாக ஓடுதல் என்று பொருள் எழுதலாமா?

பதில்: கூடாது. ஓடுகிறவன் வழி முழுவதையும் அடியடியாகக் கடக்கிறான். பாய்கிறவனோ ஓரிடத்தில் எழும்பி மற்றோரிடத்தில் விழுகிறான், இடைவழி அவனுக்குப் பொருட்டன்று. நன்னூல், ஒரு சூத்திரம் இடையிலுள்ளதைத் தாண்டி அப்பாலுள்ள சூத்திரத்தோடு இயைவதைத் ‘தவளைப் பாய்த்து’ என்றது இந்த நுட்பம் அறிந்துதான். வெறும் விரைவுக்குத் தொல்காப்பியம் ‘கதழ்வும் துனைவும் விரைவின் பொருள’ என வேறு உரிச்சொற்களைக் காட்டுகிறது. எங்கே பாய்கிறது, எந்த உருபு வந்திருக்கிறது என்று பாராமல் இச்சொல்லுக்குப் பொருள் எழுதாதீர்கள்.

கேள்வி: ‘பாஞ்சான்’ என்று எழுதலாமா?

பதில்: கதையின் உரையாடலில் எழுதலாம். கட்டுரையில் ‘பாய்ந்தான்’ என்பதே முறை.

கேள்வி: ‘ஆறு பாய்கிறது’ பிழை, ஆறு ஓடத்தான் செய்யும் என்கிறேன். நண்பர் மறுக்கிறார்.

பதில்: இரண்டும் வழக்கில் உண்டு, பார்வைதான் வேறு. ஆறு ஓடுகிறது என்றால் கண் அதன் போக்கில் நிற்கிறது. வயலுக்குத் தண்ணீர் பாய்கிறது என்றால் நீரை ஏற்கும் நிலத்துக்குக் கண் போய்விடுகிறது. உழவர்கள் ‘ஏரிப் பாய்ச்சல்’ என்று சொல்வது நீரின் வேகத்தை அன்று, ஏரிநீர் சென்று சேரும் நிலத்தை. மடை திறந்து மெல்ல நிரம்பும் வயலிலும் நீர் பாய்கிறது.

கேள்வி (அந்த நண்பர்): ‘இன்பத் தேன் வந்து பாயுது காதினிலே’ என்கிறார் பாரதியார். தேன் மெல்ல வடிவதல்லவா?

பதில்: உங்கள் சான்று நம் வழக்கையே தீர்த்துவிடுகிறது. ‘காதினிலே’ என்ற ஏழாம் வேற்றுமையைப் பாருங்கள். வறண்ட வயல் நீரை வாங்குவதுபோலச் செவி இன்பத்தை வாங்குகிறது. ‘ஓடுது’ என்று மாற்றினால் தேன் காதைக் கடந்து போய்விடும், உள்ளே தங்காது. பாரதியார் தேர்ந்த சொல்லின் அருமை அங்கேதான் இருக்கிறது.

கேள்வி: பாய்தல், வேகமாக ஓடுதல் இரண்டும் ஒன்றுதானே?

பதில்: முதல் பதிலைப் படியுங்கள்.

கேள்வி: ‘குண்டர் சட்டம் பாய்ந்தது’ என்னும் செய்தித்தாள் வழக்கு சரியா?

பதில்: இலக்கணப் பிழை இல்லை. ஆனாலும் நான் ஏற்பதில்லை. சட்டத்தைப் புலியாக்கும்போது ஆணையிட்ட அதிகாரி வாக்கியத்திலிருந்து மறைந்துவிடுகிறார்.

கேள்வி: தாவுதலுக்கும் இதற்கும் வேறுபாடு என்ன?

பதில்: குரங்கு கிளைக்குத் தாவிப் பற்றிக்கொள்கிறது. பாய்வது தாக்கும், அல்லது உட்புகும். அதனால்தான் அம்பு மார்பில் பாய்கிறது, தாவுவதில்லை. இங்கும் உருபைப் பாருங்கள்: மானின்மேல் பாய்ந்த புலி வேறு, மார்பில் பாய்ந்த அம்பு வேறு.