எத்தனை சோதனை பாஸ் பண்ணவேணும்?

வணக்கம் சேர்,

நான் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கணிதச் சிறப்புப் பட்டத்தின் நான்காம் வருடத்தில் படிக்கிறேன். பின்னேரங்களில் உயர்தர மாணவருக்கு இணைந்த கணிதம் சொல்லிக்கொடுக்கிறேன். கணிதத்தில் கலாநிதிப் பட்டம் செய்ய விருப்பம். ஆனால் ஒருவர் மூன்று வருடம் என்கிறார், இன்னொருவர் ஆறு வருடம் என்கிறார். பிரெஞ்சு படிக்கவேண்டும் என்றும் சொல்கிறார்கள். "எத்தனை சோதனை பாஸ் பண்ணவேணும், எப்ப முடியும்?" என்று அப்பா கேட்கிறார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. இராமானுசன் ஒரு சோதனையும் பாஸ் பண்ணாமல்தானே இவ்வளவும் செய்தார்?

ஒரு மாணவி, கொக்குவில்

அன்புள்ள மாணவிக்கு,

உங்கள் அப்பாவின் கேள்வியில் முதற்பாதிக்கு மட்டுமே திட்டமான பதில் உண்டு. எத்தனை சோதனை என்பதை அந்தந்த நாட்டவர் விதியாக எழுதிவைத்திருக்கிறார்கள். எப்போது முடியும் என்பதற்கு அவர்கள் எழுதிவைத்திருப்பது ஆகக் குறைந்த காலத்தையும் ஆகக் கூடிய காலத்தையும் மட்டுமே. உங்களுக்குச் சொன்ன இருவரும் பொய் சொல்லவில்லை. ஒருவர் பிரித்தானியாவை நினைத்துச் சொல்லியிருப்பார், மற்றவர் அமெரிக்காவை.

பிரித்தானிய முறையில் பெரும்பாலும் நேரே ஆய்வில் இறங்கிவிடுவீர்கள். முதல் வருட முடிவில் ஓர் அறிக்கை எழுதி, இருவர் முன்னிலையில் அதைப் பற்றிப் பேசி, கலாநிதிப் பட்டத்துக்கான பதிவை உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டும். மூன்று அல்லது நான்கு வருடங்களில் ஆய்வேடு. எங்கள் நாட்டு முறையும் அதன் வழிவந்ததே. முதுதத்துவமாணிக்கு (எம்.பில்) பதிந்து, வேலை முன்னேறியதைக் காட்டிக் கலாநிதிப் பட்டத்துக்கு மாறுகிறவர்கள் இங்கே பலர். இலங்கைத் தகைமைச் சட்டகத்தில் முதுதத்துவமாணி 11ஆம் மட்டம், கலாநிதிப் பட்டம் 12ஆம் மட்டம். அதற்கு மேல் மட்டம் இல்லை. இந்தியாவில் 2022ஆம் ஆண்டு வந்த பல்கலைக்கழக மானியக்குழு விதிகளின்படி குறைந்தது மூன்று வருடம், கூடியது ஆறு வருடம், இடையில் குறைந்தது 12 கிரெடிட் அளவுக்குப் பாடங்கள்.

அமெரிக்க முறையில்தான் உங்கள் அப்பா கேட்கும் சோதனைகள் இருக்கின்றன. அங்கே முதுமாணிப் பட்டம் இல்லாமலே உங்கள் நான்கு வருடச் சிறப்புப் பட்டத்துடன் விண்ணப்பிக்கலாம். அனுமதி கிடைத்தவர்கள் முதலில் இரண்டு வருடம் வகுப்பில் இருந்து படிக்கிறார்கள். அட்சரகணிதம், பகுப்பியல், இடவியல் என்று இரண்டு மூன்று பாடங்களில் தகுதிப் பரீட்சை எழுத வேண்டும். பெரும்பாலும் இரண்டு தடவைதான் அனுமதி. இரண்டாம் முறையும் தவறினால் முதுமாணிப் பட்டத்தைக் கையில் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். ஆய்வேட்டையும் சேர்த்து ஐந்து, ஆறு வருடம் சாதாரணம்.

அந்தப் பரீட்சையில் நான் முதல்முறை சித்தியடையவில்லை. எதில் தவறினேன் என்பதை விரிவாகச் சொன்னால், என்ன எதிர்பார்க்கிறார்கள் என்பது உங்களுக்குத் தெளிவாகும். பகுப்பியல் வினாத்தாளில் ஒரு கணக்கின் நடுவே, எல்லை எடுப்பதையும் தொகையிடுவதையும் (பரப்பளவு காண்பதையும்) இடம் மாற்றி எழுதினேன். விடையும் சரியாகவே வந்தது. ஆனால் இடம் மாற்றலாம் என்பதற்குக் காரணம் எழுதவில்லை. உயர்தரத்தில் படிமுறைக்குப் படிமுறை புள்ளி வாங்கிப் பழகிய கை அது. திருத்தியவர் அந்த வரியின் கீழ் ஒரு கோடு இழுத்து, பக்கத்தில் ஒரு படம் கீறியிருந்தார்.

படம் இதுதான். பூச்சியத்துக்கும் 1/2க்கும் இடையில் 2 உயரமான ஒரு செவ்வகம். அடுத்தது பூச்சியத்துக்கும் 1/3க்கும் இடையில், உயரம் 3. இப்படியே போனால் நூறாவது செவ்வகம் 1/100 அகலத்தில் 100 உயரமாக, பனைபோல ஒடுங்கி நிற்கும். ஒவ்வொன்றின் பரப்பளவும் 1. ஆனால் பூச்சியத்துக்கு வலப்பக்கம் எந்தப் புள்ளியை எடுத்தாலும், ஒரு கட்டத்துக்குப் பிறகு செவ்வகம் அந்தப் புள்ளியைத் தாண்டி இடப்பக்கம் ஒதுங்கிவிடுகிறது. அதன் பின் அங்கே சார்பின் பெறுமானம் பூச்சியம்தான். ஆகவே எல்லையில் கிடைக்கும் சார்பு பூச்சியம், அதன் பரப்பளவும் பூச்சியம். பரப்பளவுகளின் எல்லையோ 1. நான் ஒரு வரியில் சாதாரணமாகச் செய்த இடமாற்றம் இங்கே 1ஐயும் 0ஐயும் சமனாக்கிவிடுகிறது. எந்த நிபந்தனை இருந்தால் இது நடக்காது என்பதைச் சொல்லும் தேற்றங்கள் எனக்கு மனப்பாடம். அவை வேண்டிய இடம் அதுதான் என்பது மட்டும் தெரியாமல் இருந்தேன். ஆறு மாதம் கழித்து மீண்டும் எழுதிச் சித்தியடைந்தேன்.

பிரெஞ்சு பற்றிக் கேட்டீர்கள். பிரெஞ்சு, ஜெர்மன், ரஷ்ய மொழிகளில் ஒன்றிலோ இரண்டிலோ கணிதக் கட்டுரையை வாசித்து விளங்கவேண்டும் என்ற விதி அமெரிக்காவில் முன்பு பரவலாக இருந்தது. இப்போது பல துறைகள் கைவிட்டுவிட்டன. இருக்கும் இடங்களிலும் அகராதியுடன் ஒரு பக்கத்தை மொழிபெயர்க்கச் சொல்வார்கள், அவ்வளவுதான். எங்கள் ஊரில் பாரிஸ் லாச்சப்பலில் உறவினர் இல்லாத வீடு குறைவு. ஆனால் அந்த மச்சானின் பிரெஞ்சு இதற்கு உதவாது. 'கோர்' என்ற சொல்லுக்கு அவரும் அகராதியும் 'உடல்' என்பார்கள், கணிதத்திலோ அது ஃபீல்ட், அதாவது எண்களைப்போலக் கூட்டிப் பெருக்கக்கூடிய ஒரு தொகுதி. நான் ஒரு முழுப் பந்தியிலும் உடல்களைக் கூட்டிப் பெருக்கி வைத்துவிட்டுப் பிறகுதான் உணர்ந்தேன்.

இவையெல்லாம் முடிந்த பின் எஞ்சியிருப்பது ஒரே ஒரு தேவை: இதுவரை எவரும் நிறுவாத ஒன்றை நீங்கள் நிறுவ வேண்டும். சோதனைகள் உங்களை அந்த எல்லை வரை கொண்டுவந்து விடுவதற்காக வைக்கப்பட்டவை. அதன் பிறகு வினாத்தாளும் இல்லை, தவணையும் இல்லை. மேற்பார்வையாளர் தரும் பிரச்சினை ஆறு மாதத்தில் தீரலாம், மூன்று வருடத்துக்குப் பிறகு அந்தக் கூற்றே பிழை என்று தெரியவரலாம். நீங்கள் எழுதிக்கொண்டிருக்கும் தேற்றத்தை வேறொருவர், ஆய்வுக் கட்டுரைகளை எல்லோரும் ஏற்றும் ஆர்க்கைவ் இணையத்தளத்தில் ஒரு காலையில் ஏற்றிவிடவும் கூடும். இதனால்தான் எந்தப் பல்கலைக்கழகம் என்பதைவிட எந்த மேற்பார்வையாளர் என்பதை நான் பெரிதாக எண்ணுகிறேன். அவருடைய முன்னைய மாணவர்கள் எத்தனை வருடத்தில் முடித்தார்கள், இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று கூச்சப்படாமல் விசாரியுங்கள்.

பக்க எண்ணிக்கைக்குக் கணிதத்தில் மதிப்பில்லை. கணிதவியலாளர் ஜோன் நாஷ் 1950இல் பிரின்ஸ்டனில் சமர்ப்பித்த ஆய்வேடு 28 பக்கம். அதைக் கேட்டு 28 பக்கத்தில் முடிக்கலாம் என்று எண்ணிவிடாதீர்கள். அதில் இருந்தது, விளையாட்டுக் கோட்பாட்டில் இன்று நாஷ் சமநிலை எனப்படும் கருத்து. எல்லோரிடமும் அப்படி ஒன்று இல்லை. இறுதியில் வரும் வாய்மொழிப் பரீட்சை அமெரிக்காவில் பெரும்பாலும் திறந்த கூட்டம், தோழர்கள் வந்து இருப்பார்கள். பிரித்தானியாவில் கதவு மூடிய அறை, உள்ளகப் பரீட்சகர் ஒருவர், வெளிவாரிப் பரீட்சகர் ஒருவர். சிறு திருத்தங்களுடன் சித்தி என்பதே அங்கே வழக்கமான முடிவு.

இராமானுசன் கல்லூரிப் பரீட்சைகளில் தவறியது உண்மை. ஆனால் 1916இல் கேம்பிரிட்ஜ் அவருக்கு ஆய்வின் பேரில் ஒரு பட்டம் கொடுத்தது, அதற்கு அவர் பெருஞ்சேர்க்கை எண்கள் (தமக்குச் சிறிய எந்த எண்ணையும்விடக் கூடுதலான வகுத்திகள் உள்ள எண்கள்) பற்றிய கட்டுரையைக் கொடுக்கவேண்டியிருந்தது. அவருக்கும் சோதனைகள்தான் விலக்கப்பட்டன, புதிய தேற்றம் விலக்கப்படவில்லை. உதாரணத்துக்கு அவ்வளவு தூரம் போகவும் வேண்டியதில்லை. பருத்தித்துறை ஹாட்லிக் கல்லூரியில் படித்த சி. ஜே. எலியேசர், கேம்பிரிட்ஜில் இயற்பியலாளர் போல் டிராக்கின் மேற்பார்வையில் கலாநிதிப் பட்டம் பெற்று, இலங்கைப் பல்கலைக்கழகத்தில் கணிதப் பேராசிரியராக இருந்தவர்.

காசு பற்றி நீங்கள் கேட்கவில்லை, அப்பா கேட்பார். அமெரிக்கத் துறைகள் பலவற்றில் கலாநிதி மாணவருக்குக் கட்டணம் தள்ளுபடியாகும், கற்பித்தல் உதவியாளராக வேலை செய்வதற்குச் சம்பளமும் கிடைக்கும். இணைந்த கணிதம் சொல்லிக்கொடுத்த அனுபவத்தை விண்ணப்பத்தில் மறைக்காமல் எழுதுங்கள். விண்ணப்ப முடிவுத் திகதிகள் பெரும்பாலும் டிசம்பரிலும் ஜனவரியிலும் வரும். பரிந்துரைக் கடிதம் மூன்று வேண்டும், எனவே விரிவுரையாளர்களிடம் ஒக்டோபரிலேயே சொல்லிவையுங்கள். பிரித்தானியாவில் வெளிநாட்டு மாணவருக்குப் புலமைப்பரிசில் கிடைப்பது கடினம், அது இல்லாமல் போக வேண்டாம்.

பல துறைகள் தங்கள் பழைய தகுதிப் பரீட்சை வினாத்தாள்களை இணையத்தில் வைத்திருக்கின்றன. ரியூசன் இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை, பகுப்பியல் வினாத்தாள் ஒன்றை எடுத்து, புத்தகத்தை மூடிவைத்து, மூன்று மணித்தியாலம் இருந்து எழுதுங்கள். ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் காரணம் இருக்க வேண்டும். எழுதியதை ஸ்கான் பண்ணி எனக்கு அனுப்பினால் திருத்தித் தருகிறேன். செவ்வகம் கீறவேண்டிய இடத்தில் கீறுவேன்.