டெக்சஸில் முதல்முறையாகக் கொயோட்டி (குள்ளநரி போன்ற வட அமெரிக்கக் காட்டு விலங்கு) வேட்டைக்குப் போகிறேன். எதையெல்லாம் கவனிக்க வேண்டும்?

முதலில் காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று பாருங்கள். துப்பாக்கி, உடை எல்லாம் அப்புறம்தான்.

அடிபட்ட முயலின் அலறலைக் கேட்டால் கொயோட்டி வேகமாக வரும். ஆனால் மோப்பம் பிடிக்காமல் பெரும்பாலும் நெருங்காது. கடைசி நேரத்தில் வளைந்து, சத்தம் வந்த இடத்திலிருந்து காற்று எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கம் சுற்றும். உங்கள் வாடையும் அங்கேதான் போய்க்கொண்டிருக்கும். காற்று நேராக முகத்தில் அடிக்கும்படி உட்கார்ந்தால், முதுகுப் பக்கம் வந்து மோந்துவிட்டுத் திரும்பிவிடும். அது வந்ததே உங்களுக்குத் தெரியாது.

அதனால் காற்று பக்கவாட்டில் வீசும்படி உட்காருங்கள். காற்று போகும் பக்கம் திறந்த வெளியாக, சுடும் தூரத்துக்குள் இருக்க வேண்டும். வாடை பிடிப்பதற்கு முன்னால் கொயோட்டி அந்த வெளியைக் கடந்தாக வேண்டும். அந்த முயல் அலறலை எழுப்பும், ரிமோட்டில் இயங்கும் ஒலிப்பெட்டியைக் காற்று வரும் பக்கம் 40, 50 மீட்டர் தள்ளி வைத்தால் அதன் கவனமும் உங்கள் மேல் இருக்காது. வண்டியை மேட்டுக்குப் பின்னால் நிறுத்திவிட்டுச் சத்தமில்லாமல் நடந்து போங்கள். புதரை முதுகுக்குப் பின்னால் வைத்து நிழலில் உட்காருங்கள். ஒலியைக் குறைவாகத் தொடங்குங்கள், பக்கத்திலேயே ஒன்று படுத்திருக்கலாம். ஓடிவருவதை நிறுத்த வாயால் ஒரு குரைப்பு போதும். 20 நிமிடத்தில் எதுவும் வரவில்லையா, சரி, ஒரு கிலோமீட்டர் தள்ளிப் போய் உட்காருங்கள்.

இலையுதிர் காலத்தில் தாயைப் பிரிந்து திரியும் இளசுகள் எளிதில் ஏமாறும். ஜனவரி, பிப்ரவரி இணை சேரும் காலம், அப்போது ஊளைச் சத்தம் நன்றாக வேலை செய்யும். டெக்சஸில் ஆண்டு முழுவதும் வேட்டையாடலாம், எண்ணிக்கை வரம்பும் இல்லை. ஆனாலும் ஏப்ரல், மே மாதங்களில் குட்டிகள் வளையில் இருக்கும். பண்ணையில் ஆடு சாகிறது என்று யாராவது கூப்பிட்டால் தவிர அப்போது நான் போவதில்லை.

எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் இதைக் கட்டாயம் படியுங்கள். உங்களுக்குத் துப்பாக்கி வைத்திருக்கக் கூட்டாட்சிச் சட்டத்தில் தடை இருக்கிறது. ஏதாவது ஒரு மாநிலத்தின் செல்லுபடியாகும் வேட்டை உரிமம் இருந்தால் விலக்கு உண்டு. டெக்சஸின் வழக்கமான ஆண்டு உரிமம் ஆகஸ்ட் 31-இல் முடிகிறது. அதைத் தவறவிட்டால் போவது வேட்டை மட்டுமல்ல, விசாவுக்கே சிக்கல் வரலாம். கிரீன் கார்டு வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தடை இல்லை. 1971 செப்டம்பர் 2 அல்லது அதற்குப் பிறகு பிறந்தவர்கள் வேட்டைக் கல்விப் பயிற்சியும் முடித்திருக்க வேண்டும்.

நில உரிமையாளரிடம் அனுமதி கேட்கும்போதே நாய்களைப் பற்றியும் கேளுங்கள். ஆட்டுப் பண்ணைகளில் காவலுக்கு கிரேட் பிரனீஸ் நாய்களை மந்தையோடு விட்டிருப்பார்கள். பகலில் அந்த வெள்ளை நாயை யாரும் கொயோட்டி என்று நினைக்க மாட்டார்கள். ஆனால் இரவில், உடல் வெப்பத்தை வைத்து உருவத்தைக் காட்டும் தெர்மல் ஸ்கோப்பில் நிறம் தெரியாது. எத்தனை நாய்கள், மந்தை எந்தப் பக்கம் படுக்கிறது என்று தெரியாத நிலத்தில் இரவில் சுடாதீர்கள்.